பழகும் பையனின் ராடுக்கு யார் காசு கொடுப்பது? திருச்சி வெல்டிங் தொழிலை முன்வைத்து ஒரு நிகழ்வு ஆய்வு

தூத்துக்குடி அனல் மின் நிலையத்தில் கொதிகலன் குழாய் பழுது, 210 மெகாவாட் உற்பத்தி பாதிப்பு என்று பேப்பரில் ஒரு மூலையில் செய்தி வருவதை எல்லோரும் பார்த்திருப்போம். இரண்டு கட்டைவிரலைச் சேர்த்து வைத்தால் எவ்வளவு இருக்குமோ அவ்வளவு தடிமனுள்ள குழாய்தான் அது. அதில் எங்கோ ஒரு ஜாயிண்டில் ஊசி முனை அளவுக்கு ஓட்டை விழும், நீராவி சீறும், பக்கத்துக் குழாயையும் சேர்த்து அரிக்கும், கடைசியில் மின்சாரம் தயாரிக்கிற அந்த யூனிட்டையே மொத்தமாக நிறுத்த வேண்டிவரும். நிறுத்தினால் மட்டும் போதாது. கொதிகலன் ஆற வேண்டும், உள்ளே சாரம் கட்ட வேண்டும், கெட்ட துண்டை வெட்டி எடுத்துப் புதுத் துண்டு வைத்துப் பற்றவைக்க வேண்டும், எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க வேண்டும், அப்புறம்தான் மறுபடி நெருப்பு. அந்த இருட்டுக்குள் போய், இரண்டு குழாய்க்கு நடுவில் கை நுழையாத சந்தில், பின்பக்கத்தை ஒரு கண்ணாடித் துண்டில் பார்த்தபடி தலைகீழாகப் பற்றவைக்கிற ஆளை ஹெச்.பி. வெல்டர் என்பார்கள். ஹை பிரஷர் வெல்டர். தமிழ்நாட்டில் இந்த வேலைக்கு ஆள் வேண்டுமென்றால் முதலில் திருச்சியில்தான் தேடுவார்கள்.

ஏன் திருச்சி, அங்கே இந்தத் திறமை எப்படி உருவானது, இப்போது அந்தப் பழகும் வழி எங்கே அடைபட்டுக் கிடக்கிறது என்பதைத்தான் இங்கே எழுதப் போகிறேன். துவாக்குடி பக்கம் ஒரு ஃபேப்ரிகேஷன் யூனிட்டில், அதாவது இரும்பை வெட்டிப் பற்றவைத்துத் தருகிற பட்டறையில், தரக்கட்டுப்பாட்டில் வேலை பார்த்தவன் நான். எக்ஸ்ரே பிலிமை விளக்குப் பெட்டியில் வைத்துப் பார்த்து, இது ஓகே, இது ரிப்பேர் என்று எழுதிக் கொடுக்கிற வேலை. அதனால் வெல்டர்களுக்கு என்மேல் பெரிய பாசம் ஒன்றும் இருந்ததில்லை. ஆனால் அவர்கள் எப்படிப் பழகி வந்தார்கள் என்பதைப் பக்கத்தில் இருந்து பார்த்தேன்.

காமராஜர் ஆட்சிக் காலத்தில், ஆர். வெங்கடராமன் தொழில் அமைச்சராக இருந்தபோது திருச்சிக்கு வந்த ஆலை, திருவெறும்பூர் பாரத மிகுமின் நிறுவனம். ஊரில் யாரும் அப்படிச் சொல்வதில்லை, பெல் என்றால்தான் தெரியும். செக்கோஸ்லோவாகியாவின் தொழில்நுட்ப உதவியோடு 1965-ல் உயர் அழுத்தக் கொதிகலன் ஆலையாகத் தொடங்கியது. கொதிகலன் என்பது, கொஞ்சம் எளிமைப்படுத்திச் சொன்னால், குழாய்களும் அவற்றை இணைக்கிற ஜாயிண்டுகளும்தான். ஒரு பெரிய அனல் மின் நிலையக் கொதிகலனில் பல்லாயிரம் ஜாயிண்டுகள் வரும். 540 டிகிரி செல்சியஸ் நீராவி ஓடும். இப்போது கட்டுகிற சூப்பர் கிரிட்டிக்கல் வகையில் அழுத்தம் 221 பாருக்கும் மேலே. கார் டயரில் நாம் அடிக்கிற காற்று இரண்டு பார் சொச்சம்தான் என்பதை நினைத்துப் பார்த்தால் இதன் கனம் புரியும். இதில் பத்தாயிரம் ஜாயிண்டு நன்றாக இருந்து ஒன்று சரியில்லை என்றாலும் யூனிட் நின்றுவிடும்.

இப்படி ஒரு வாடிக்கையாளர் ஊரில் வந்து உட்கார்ந்ததுதான் எல்லாவற்றுக்கும் ஆரம்பம். வெல்டிங் நல்லா இருக்கு என்று கண்ணால் பார்த்துச் சொல்வதை அவர்கள் ஏற்க மாட்டார்கள், எக்ஸ்ரேயில் காட்டு என்பார்கள். 1950-ஆம் வருட இந்தியக் கொதிகலன் விதிமுறைகள், ஐ.பி.ஆர். என்று சொல்வது, அதன்படி அழுத்தப் பாகத்தில் கை வைக்கிற வெல்டர் தேர்வு எழுதித் தேறியவனாக இருக்க வேண்டும். எழுதி என்றால் பேனாவால் இல்லை, குழாயில். (1923-ஆம் வருடத்துக் கொதிகலன் சட்டத்துக்குப் பதிலாக 2025-ல் புதுச் சட்டம் வந்துவிட்டது, ஆனால் தகுதிச் சான்று இல்லாமல் தொட முடியாது என்பதில் மாற்றமில்லை.) 1975-ல் ஐ.நா. உதவியோடு பெல் வளாகத்திலேயே வெல்டிங் ஆராய்ச்சி நிறுவனமும் வந்தது, டபிள்யூ.ஆர்.ஐ. என்று எல்லோருக்கும் தெரியும். அங்கே ஆராய்ச்சியும் நடந்தது, வெல்டர்களுக்கும் இன்ஸ்பெக்டர்களுக்கும் பயிற்சியும் நடந்தது.

சரி, ஆலையும் ஆராய்ச்சி நிறுவனமும் வந்தால் ஊர் முழுக்கத் திறமை தானாகப் பரவிவிடுமா? பரவாது. நடுவில் இன்னொன்று இருந்தது. துவாக்குடி, வாழவந்தான்கோட்டை, அந்தப் பக்கம் புதுக்கோட்டை மாவட்டத்து மாத்தூர் என்று நூற்றுக்கணக்கான சிறு யூனிட்டுகள் முளைத்தன. பெல் இரும்பைத் தானே கொடுக்கும், யூனிட்காரர் வெட்டி, வளைத்து, பற்றவைத்துத் திருப்பித் தருவார், டன்னுக்கு இவ்வளவு என்று கூலி. பெரும்பாலும் தூண், தாங்கி, காற்றுப் பாதை, மேடை மாதிரி ஸ்ட்ரக்சர் வேலைகள். அழுத்தப் பாகம் கொஞ்சம்தான் வெளியே வரும்.

இந்த ஸ்ட்ரக்சர் வேலைதான் பழகும் பையனுக்கு முதல் படி. தப்பாகப் போனால் கிரைண்டர் வைத்துச் சுரண்டிவிட்டு மறுபடி போடலாம், உலகம் முழுகிவிடாது. எட்டாவதோ பத்தாவதோ முடித்துவிட்டு ஐ.டி.ஐ.யில் ஒரு வருடம் வெல்டர் டிரேடு படித்த பையன் முதலில் ஹெல்ப்பராகச் சேருவான். கேபிள் இழுப்பான், கசடு தட்டுவான், கிரைண்டிங் பிடிப்பான். சாப்பாட்டு நேரத்தில் மெஷின் சும்மா இருக்கும், கழித்துப் போட்ட தகடு மூலையில் கிடக்கும். சீனியர் ஒருத்தர் நல்ல மனுஷனாக இருந்தால், "தம்பி, அந்தத் துண்டுல ஒரு ரன் போட்டுக் காட்டுடா" என்பார். அப்படித் தொடங்குவதுதான். முதலில் ஃபில்லட், அதாவது மூலையில் போடுகிற வெல்டு, அப்புறம் தகட்டு விளிம்பைச் சரிவாக்கி நடுவை நிரப்புகிற குரூவ், அப்புறம் நிற்கவைத்து, அப்புறம் தலைக்கு மேலே, அதற்கப்புறம்தான் குழாய்.

அந்தச் சாப்பாட்டு நேரத்து ராடு, அதாவது உருகி ஜாயிண்டை நிரப்புகிற வெல்டிங் குச்சி, யூனிட் முதலாளியின் காசு. அவருக்குத் தெரிந்தும் நடக்கும், தெரியாமலும் நடக்கும். ஆர்டர் நிறைய இருந்த காலத்தில் யாரும் அதைக் கணக்குப் பார்க்கவில்லை. பெல் தன் பங்குக்கு அப்ரெண்டிஸ்களை எடுத்து முறைப்படி பழக்கியது, இன்றும் எடுக்கிறது. அங்கே அப்ரெண்டிஸ் முடித்து நிரந்தர வேலை கிடைக்காத பையன்கள் இந்த யூனிட்டுகளுக்கும், வெளிமாநில சைட்டுகளுக்கும், வளைகுடாவுக்கும் போனார்கள். ஒரு பொதுத்துறை நிறுவனம் செய்த பயிற்சிச் செலவை ஒரு வட்டாரமே அனுபவித்தது என்று சொல்லலாம். அது நல்ல விஷயம்தான், அப்படித்தான் நடக்க வேண்டும். ஆனால் அந்தச் செலவு எங்கிருந்து வருகிறது என்று யாரும் எழுதி வைக்கவில்லை, அதனால் அது நின்றபோதும் யாரும் கவனிக்கவில்லை.

6ஜி

எதற்கு இவ்வளவு ராடு, எதற்கு இவ்வளவு குழாய் என்று வெளியில் இருப்பவர்கள் கேட்பார்கள். 6ஜி என்று சொல்கிற அந்தக் குழாய்த் தேர்வைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்த்தால்தான் புரியும்.

இரண்டு குழாய்த் துண்டுகளின் வாயைச் சரிவாகக் கடைந்து, பக்கத்துக்கு 37.5 டிகிரி, எதிரெதிரே வைத்து நடுவில் மூன்று மில்லிமீட்டர் மாதிரி இடைவெளி விட்டு, நகராமல் இருக்க அங்கங்கே புள்ளியாகப் பற்றவைத்து (டாக் என்பார்கள்) நிறுத்துவார்கள். குழாய் 45 டிகிரி சாய்ந்திருக்கும். ஏற்றி நிறுத்திய பிறகு அதைத் திருப்பக் கூடாது, அசைக்கக் கூடாது. வெல்டர்தான் அதைச் சுற்றி உட்கார்ந்து, மண்டியிட்டு, எழுந்து, சாய்ந்து முடிக்க வேண்டும். ஒரே ஜாயிண்டில் தலைக்கு மேலேயும் வரும், செங்குத்தாகவும் வரும், படுக்கையாகவும் வரும், அதுவும் எல்லாமே கோணலாக. இதில் தேறியவன் குழாயில் வேறு எந்த நிலையிலும் பற்றவைக்கலாம் என்று விதி ஏற்றுக்கொள்வது அதனால்தான்.

முதல் சுற்று, ரூட், ஆர்கான் வெல்டிங்கில் போவார்கள், ராடு இல்லை, ஆர்கான் வாயுவின் காப்பில் ஒரு மெல்லிய கம்பியை உருக்கி ஊட்டுவது. இங்கேதான் பாதிப் பேர் விழுவது. குழாயின் அடியில், கடிகாரத்தில் ஆறு மணி இருக்கிற இடத்தில், உருகிய இரும்பு வெல்டரை நோக்கிக் கீழே தொங்கப் பார்க்கும். அப்போது குழாய்க்கு உள்பக்கம் குழிவிழும். அதே ஆள் சுற்றிக்கொண்டு மேலே பன்னிரண்டு மணிக்குப் போனால் அதே சூட்டில் இரும்பு உள்ளே சரிந்து மூக்கு மாதிரி நீட்டிக்கொள்ளும். கீழே கம்பியைக் கொஞ்சம் உள்ளே தள்ளித் தர வேண்டும், மேலே கையை இழுத்துப் பிடிக்க வேண்டும், இரண்டுக்கும் நடுவில் எங்கே மாற்றுவது என்று எந்தப் புத்தகமும் சொல்லித் தராது. ஒரு சீனியர், வயது அறுபதை நெருங்கியவர், பையன் பக்கத்தில் குந்திக்கொண்டு, "கம்பியப் பாக்காதடா, அந்தச் சின்ன ஓட்டையப் பாரு, அது பெருசாச்சுன்னா நகரு, சிறுசாச்சுன்னா நில்லு" என்று சொல்லிக்கொண்டே இருந்ததைப் பார்த்திருக்கிறேன். ஆர்க்குக்கு, அதாவது இரும்பை உருக்குகிற மின்பொறிக்கு, முன்னால் இரண்டு விளிம்பும் உருகி ஒரு சாவித்துளை மாதிரி திறக்கும், அதைச் சொல்கிறார். பையன், "சரிண்ணே, சரிண்ணே" என்றான், ஆனால் தோள் இறுகிப் போயிருந்தது. ரூட் முடிந்ததும் அவர் குழாய்க்குள்ளே விரலை விட்டு ஒரு சுற்றுத் தடவினார். ஒன்றும் பேசாமல் கிரைண்டரை எடுத்து வெட்டிப் போட்டார். "இன்னொண்ணு ஏத்து."

அந்த "இன்னொண்ணு"தான் செலவு.

ரூட்டுக்கு மேலே ராடு. 7018 என்கிற வகை ராடை அப்படியே பாக்கெட்டைப் பிரித்துப் போடக் கூடாது. ஈரம் இழுக்கும். ஈரத்தில் ஹைட்ரஜன் இருக்கிறது, அது வெல்டுக்குள் போனால் துளைவிழும், சில சமயம் எல்லாம் ஆறிய பிறகு மறுநாள்கூட விரிசல் விடும். அதனால் 300-லிருந்து 350 டிகிரி வரை பேக்கிங் ஓவனில் சுட்டு, அப்புறம் கையில் தூக்கிப் போகிற சின்ன ஓவனில் சூடாகவே வைத்து, ஒவ்வொன்றாக எடுத்துப் போட வேண்டும். ஒவ்வொரு ரன்னுக்கும், அதாவது ஒவ்வொரு வரிசை வெல்டுக்கும், பிறகு கசடைச் சுத்தமாக எடுக்க வேண்டும், விளிம்பில் ஒரு நூல் அளவு கசடு தங்கினாலும் பிலிமில் கறுப்புக் கோடாகத் தெரியும். முடித்ததும் வெல்டர் தன் எண்ணை அந்த ஜாயிண்டு பக்கத்தில் பஞ்ச் அடிப்பார். பெயர் கிடையாது, எண் மட்டும். ரிப்பேர் வந்தால் அந்த எண்ணில் ஏறும், சதவீதம் கூடினால் ஆளை நிறுத்தி மறுபடி டெஸ்டுக்கு அனுப்புவார்கள்.

தேர்வுத் துண்டை எக்ஸ்ரே எடுப்பார்கள், இல்லாவிட்டால் பட்டையாக வெட்டி வளைத்துப் பார்ப்பார்கள். வளைத்த இடத்தில் மூன்று மில்லிமீட்டருக்கு மேல் வாய் பிளந்தால் அவ்வளவுதான். இத்தனையும் கடந்து வாங்கிய தகுதியும் நிரந்தரம் இல்லை. அமெரிக்க ஏ.எஸ்.எம்.இ. விதிப்படி அந்த முறையில் ஆறு மாதம் வேலை செய்யாமல் இருந்தால் தகுதி காலாவதியாகிவிடும். வளைகுடாவில் பெரும்பாலும் இந்த விதிதான். வேலை இல்லாமல் ஊரில் உட்கார்ந்திருக்கிற வெல்டருக்கு வருமானம் மட்டும் போகவில்லை, சான்றும் சேர்ந்து போகிறது.

ஒரு ராடு ஒன்றரை நிமிடத்தில் கரைந்துவிடும். ஏழு கன மீட்டர் ஆர்கான் சிலிண்டரை நிமிடத்துக்குப் பத்து லிட்டர் வீதம் ஓட்டினால் பன்னிரண்டு மணி நேரம்கூட வராது. குழாய்த் துண்டை ஒரு தடவைதான் முழுசாகப் பயன்படுத்தலாம், அப்புறம் வெட்டி விளிம்பைக் கடைந்து மறுபடி ஒன்றிரண்டு தடவை. ஒரு பையன் 6ஜி தேற வேண்டுமென்றால் இப்படிப் பல பத்துத் துண்டுகளை எரித்துத் தள்ள வேண்டும், சும்மா இல்லை, பக்கத்தில் குறை சொல்லத் தெரிந்த ஒருத்தர் இருக்கும்போது. இதற்குக் குறுக்கு வழி கிடையாது.

ஆர்டர் வற்றியபோது

2010-களின் தொடக்கம் வரை நாடு முழுக்க நிலக்கரி மின் நிலையங்கள் எழுந்துகொண்டே இருந்தன. யூனிட்டுகள் இரவு ஷிஃப்ட் ஓட்டின, புது மெஷின், புது கிரேன், எல்லாம் வங்கிக் கடனில். அப்புறம் புது அனல் மின் நிலைய ஆர்டர்கள் கிட்டத்தட்ட நின்று போயின. மின் திட்டங்கள் நிதியில்லாமல் முடங்கின, சூரிய மின்சாரம் மலிந்தது, சீனக் கொதிகலன்களின் போட்டி வேறு. பெல்லுக்கு ஆர்டர் குறைந்தால் துவாக்குடியில் விளக்கு அணையும். பல யூனிட்டுகள் கடனைக் கட்ட முடியாமல் வங்கிப் பிடியில் சிக்கின, பல மூடின. ஒரே ஒரு வாங்குபவரை நம்பி ஒரு வட்டாரம் முழுக்க நின்றதன் விலை அது.

இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் முதலாளிகளின் கடனைப் பற்றியும் வேலை இழந்தவர்களைப் பற்றியும் சொல்வார்கள், சொல்ல வேண்டியதுதான். அதோடு இன்னொன்றும் போனது. சாப்பாட்டு நேரத்து ராடு போனது. டன் கூலியைக் கீழே இறக்கி ஆர்டர் பிடித்த யூனிட்டில் ஒவ்வொரு பாக்கெட்டையும் எண்ணித்தான் கொடுத்தார்கள். ஹெல்ப்பர் ஹெல்ப்பராகவே இருந்தான். தேறிய வெல்டர்கள் வெளியே போய்விட்டார்கள், சொல்லிக்கொடுக்க ஆளும் இல்லை. 2023-க்குப் பிறகு அனல் மின் நிலைய ஆர்டர்கள் பெல்லுக்கு மறுபடி பெரிய அளவில் வரத் தொடங்கியபோது, நல்ல வெல்டர் கிடைக்கவில்லையே என்கிற புலம்பலும் கூடவே வந்தது. எப்படிக் கிடைப்பார்கள்? இடைப்பட்ட பத்து வருடம் யாரும் யாரையும் பழக்கவில்லையே. அந்த வயதுப் பையன்கள் பைக்கில் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை, முதல் நாளிலிருந்தே கையில் காசு வருகிற வேலை அது.

இங்கே லைன்மேன் வேலையை ஒரு நிமிடம் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம், ஏனென்றால் ஐ.டி.ஐ. வாசலில் இரண்டு பையன்களும் ஒன்றாகத்தான் நிற்கிறார்கள். ஒருவன் வெல்டருக்கு ஒரு வருடம், இன்னொருவன் வயர்மேனுக்கோ எலக்ட்ரீஷியனுக்கோ இரண்டு வருடம். மின்வாரியத்தில் கள உதவியாளர் ஆக இரண்டாமவனுக்கு அந்தச் சான்று வேண்டும், கேங்மேன் தேர்விலோ கம்பம் ஏறிக் காட்ட வேண்டியிருந்தது. 2018 நவம்பரில் கஜா புயல் டெல்டாவில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கம்பங்களைச் சாய்த்தபோது இந்த மனிதர்கள் இடுப்பளவு தண்ணீரில் நின்று வேலை பார்த்ததை அந்தப் பக்கத்து மக்கள் மறக்க மாட்டார்கள். ஆனால் பழகும் விதத்தில் ஒரு பெரிய வித்தியாசம் இருக்கிறது. லைனில் ஏறுகிறவன் தப்புச் செய்து பழக முடியாது, ஒரு தப்பு உயிரை எடுத்துவிடும். அதனால் அங்கே பயிற்சி என்பது ஒழுங்கைப் பழக்குவது: லைனை நிறுத்தினார்களா, எர்த் போட்டார்களா, பெல்ட் மாட்டினானா. வெல்டரோ தப்புச் செய்துதான் பழக முடியும். அவன் தப்புகளுக்கெல்லாம் இரும்பும் வாயுவும் ராடும் செலவாகும். வயர்மேன் பயிற்சியை அளக்கிற அதே கோலை, அதாவது வருகைப் பதிவேட்டையும் மணி நேரத்தையும், வெல்டர் பயிற்சிக்கும் வைத்தால் சரிப்படாது.

இப்போது யார் கொடுக்கிறார்கள்?

பையனே கொடுக்கிறான், அதுதான் பதில். அவன் அம்மாவின் நகை கொடுக்கிறது.

அரசு ஐ.டி.ஐ.யில் கட்டணம் இல்லை, மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, சைக்கிள், சீருடை எல்லாம் உண்டு. அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் வேறு. 71 அரசு ஐ.டி.ஐ.க்களை 2,877 கோடி ரூபாய்த் திட்டத்தில் டாடா டெக்னாலஜிஸோடு சேர்ந்து புதுப்பித்திருக்கிறார்கள், நல்ல மெஷின்கள் வந்திருக்கின்றன. இதையெல்லாம் மனதாரப் பாராட்டுகிறேன். ஆனால் ஒரு வருடத்தில் கேஸ் வெல்டிங், கேஸ் கட்டிங், ராடு, ஆர்கான், சி.ஓ.டூ என்று எல்லாவற்றையும் தொட வேண்டும், ஒரு பேட்ச்சில் இருபது பையன்கள், நுகர்பொருளுக்கு ஒதுக்குகிற பணம் அளவானது. 6ஜி குழாயில் கை நிலைக்கிற அளவுக்கு ஒரு பையனுக்கு அங்கே ஆர்க் நேரம் கிடைக்காது. வாத்தியார்மேல் தப்பு இல்லை, கணக்கே அப்படி.

அந்த இடைவெளியில்தான் தனியார் பயிற்சி மையங்கள் நிற்கின்றன. திருவெறும்பூரிலிருந்து துவாக்குடி வரை பஸ்ஸில் போனால் போர்டுகளைப் பார்க்கலாம்: 6ஜி, டிக், ஆர்க், வெளிநாட்டு வேலை உறுதி. சிலது உண்மையிலேயே நல்ல இடங்கள், ரிட்டயரான ஹெச்.பி. வெல்டர்களே நடத்துகிறார்கள், பையன் தேறும்வரை விட மாட்டார்கள். சிலதில் இத்தனை நாள் கோர்ஸ், அவ்வளவுதான், முடிந்ததும் பளபளவென்று லேமினேட் செய்த சான்றிதழ். அந்தச் சான்றிதழை உலகத்தில் எந்த சைட்டிலும் யாரும் பார்ப்பதில்லை. சைட்டுக்குப் போனால் மறுபடி டெஸ்ட் போடச் சொல்வார்கள், போட்டால் வேலை, போடாவிட்டால் வீடு. என் யூனிட்டுக்கு அப்படி வந்த பையன்கள் பலரை டெஸ்டில் தோற்றவர்கள் என்று எழுதி அனுப்பியவன் நான்தான். துண்டை வளைத்ததும் வாய் பிளக்கும், பையன் அதையே பார்த்துக்கொண்டிருப்பான். கட்டிய பணத்தை யாரிடம் போய்க் கேட்பான்?

சரி, அப்ரெண்டிஸ் சட்டம் இருக்கிறதே என்று கேட்கலாம். 1961-ஆம் வருடத்துச் சட்டம், முப்பது பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கிற இடத்தில் 2.5 முதல் 15 சதவீதம் வரை அப்ரெண்டிஸ் எடுத்தே ஆக வேண்டும். ஆனால் பழகுவதற்கு மிகவும் வசதியான சின்ன யூனிட்டில் ஆள் எண்ணிக்கை முப்பதைத் தொடாது, அங்கே எடுப்பதும் எடுக்காததும் முதலாளியின் விருப்பம்தான். மத்திய அரசின் அப்ரெண்டிஸ் ஊக்கத் திட்டத்தில் உதவித்தொகையில் கால் பங்கு, அதிகபட்சம் மாதம் 1,500 ரூபாய், அரசு தருகிறது. அது பையனின் கைச்செலவுக்கு. அவன் எரிக்கப்போகிற ராடு, குழாய், ஆர்கான் எல்லாம் முதலாளி தலையில்தான். டன் கூலியில் ஓடுகிற முதலாளி, பழகியதும் ஓடிப்போய்விடுவானே என்று யோசிக்கத்தான் செய்வார். அவர் பயம் நியாயமானது, ஏனென்றால் பையன் ஓடத்தான் செய்வான், ஓடவும் வேண்டும், பக்கத்து யூனிட்டில் கூடக் கொடுத்தால் அவன் ஏன் இங்கே இருக்க வேண்டும்? அதனால்தான் இந்தச் செலவு எந்த ஒரு முதலாளியின் தலையிலும் தனியாக விழக் கூடாது என்கிறேன். ஆர்டர் கொடுக்கிற பெரிய நிறுவனம், டன் கூலியோடு சேர்த்துப் பயிற்சிக்கென்று ஒரு தொகையைத் தனிக் கணக்காகப் போட்டுக் கொடுக்கலாம், எத்தனை பையன்கள் டெஸ்டில் தேறினார்கள் என்று பார்த்து அந்தப் பணத்தை விடுவிக்கலாம். தேர்வை நடத்த ஊரிலேயே டபிள்யூ.ஆர்.ஐ. இருக்கிறது. எக்ஸ்ரே எடுப்பவர்கள் இருக்கிறார்கள். ரிட்டயரான கைகள் கைலாசபுரத்திலும் காட்டூரிலும் சும்மா உட்கார்ந்திருக்கின்றன. அறுபது வயதுக்காரர்களின் கண் மங்குவதற்குள் இதைச் செய்தாக வேண்டும்.

வெளிநாடு பற்றியும் கொஞ்சம். ரிஃபைனரியை நிறுத்திவைத்துப் பழுதுபார்க்கிற ஷட்டவுன் வேலைக்கு இரண்டு மூன்று மாத ஒப்பந்தத்தில் ஆள் எடுப்பார்கள், இங்கேயே டிரேடு டெஸ்ட் நடக்கும், கம்பெனி ஆள் வந்து உட்கார்ந்து பார்ப்பார். தேறினால் இங்கே வாங்குவதைவிடப் பல மடங்கு சம்பளம், அதில் சந்தேகமில்லை. திருச்சியைச் சுற்றி மாடிவீடாக மாறிய ஓட்டுவீடுகள் பல இந்தப் பணம்தான். ஆனால் பதிவு பெற்ற ஏஜென்ட் சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான் வாங்கலாம் என்பது விதி. லட்சக்கணக்கில் கேட்கிறவரிடமும், விசிட் விசாவில் போ, அங்கே போய் மாற்றிக்கொள்ளலாம் என்கிறவரிடமும் நின்று பேசவே வேண்டாம். மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் ஏஜென்டின் பதிவைப் பார்க்கலாம், பத்து நிமிட வேலை.

உடம்பைப் பற்றிப் பையன்களிடம் யாரும் பேசுவதில்லை. கண்ணாடி இல்லாமல் ஒரு டாக் போட்டுவிட்டு வந்தால் ராத்திரி கண்ணுக்குள் மணலை அள்ளிப் போட்ட மாதிரி இருக்கும், உருளைக்கிழங்கை வெட்டிக் கண்ணில் வைத்துக்கொண்டு படுப்பார்கள். அது இரண்டு நாளில் சரியாகிவிடும். புகை அப்படியில்லை. உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2017-ல் வெல்டிங் புகையைப் புற்றுநோய் உண்டாக்கும் முதல் பிரிவில் சேர்த்துவிட்டது. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்றால் குரோமியம் வேறு. மூக்கில் கைக்குட்டை கட்டுவது புகையைத் தடுக்காது. புகையை உறிஞ்சுகிற குழாய் வேண்டும், சரியான மாஸ்க் வேண்டும், மூடிய இடத்தில் காற்றோட்டம் வேண்டும். பயிற்சி மையத்திலேயே இது இல்லையென்றால் பையன் வாழ்நாள் முழுக்க இது தேவையில்லை என்றுதான் நினைப்பான்.

இப்போது சேரப்போகிற பையனுக்கும் அவன் வீட்டாருக்கும். முதலில் அரசு ஐ.டி.ஐ., அதை விட்டுவிடாதீர்கள், அந்தச் சான்றும் அதன்பின் அப்ரெண்டிஸ் முடித்த என்.ஏ.சி. சான்றும் இல்லாமல் பொதுத்துறைக் கதவு திறக்காது. 2025-ல் பெல் 515 ஆர்டிசான், அதாவது தொழில் தெரிந்த தொழிலாளர், இடங்களை அறிவித்தபோது இரண்டையும் கேட்டது, பொதுப்பிரிவுக்கு இரண்டிலும் 60 சதவீதம். அதனால் தேறினால் போதும் என்று ஐ.டி.ஐ.யில் இருந்துவிட வேண்டாம், மதிப்பெண்ணும் வேண்டும். அப்ரெண்டிஸ் முடிந்ததும் சைட்டோ யூனிட்டோ, சம்பளம் குறைந்தாலும் குழாய் வேலை இருக்கிற இடமாகப் பாருங்கள்.

தனியார் மையத்தில் பணம் கட்டித்தான் ஆக வேண்டுமென்றால் கட்டுவதற்கு முன் ஒரு நாள் போய் உள்ளே நின்று பாருங்கள். பேக்கிங் ஓவன் சூடாக இருக்கிறதா, இல்லை மூலையில் தூசி படிந்து கிடக்கிறதா? எனக்கு எத்தனை குழாய்த் துண்டு கொடுப்பீர்கள் என்று நேராகக் கேளுங்கள், நாள் கணக்கைச் சொன்னால் துண்டுக் கணக்கைச் சொல்லுங்கள் என்று மறுபடி கேளுங்கள், அதை ரசீதிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். சொல்லிக்கொடுக்கிறவர் தானே ஹோல்டரைப் பிடித்து ஒரு ரூட் போட்டுக் காட்டுவாரா என்று கேளுங்கள். பையன்கள் போட்ட துண்டை வெட்டி வளைத்துப் பார்க்கிற பிரஸ் இருக்கிறதா, வளைத்துத் தோற்ற துண்டுகள் எங்கே என்றும் கேளுங்கள். நல்ல இடத்தில் அவை பின்பக்கம் குவிந்து கிடக்கும், மறைக்க மாட்டார்கள். தோற்ற துண்டு ஒன்றுகூடக் காட்ட முடியாத இடத்தில் பணம் கட்டாதீர்கள்.